மலையின் முகம் தேடிய காமிரா

அலாஸ்காவிலுள்ள பர்னார்டு பனியாற்றை விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. முதன்முறையாக அதைப் பார்க்கிறவருக்கு அது பனி என்றோ மலை என்றோ தோன்றுவதில்லை. கைதேர்ந்த ஒருவர் வெண்கோரையும் கருங்கோரையுமாகத் தேர்ந்தெடுத்து, பத்தமடைப் பாய் ஒன்றை நெடுநீளத்துக்கு முடைந்து, அதை இரண்டு மலைத் தொடர்களுக்கு நடுவே சற்றே வளைத்து விரித்துப் போட்டிருக்கிறார் என்றே தோன்றும். கூர்ந்து நோக்கினால்தான் அந்தப் பாயின் அகலம் மைல் கணக்கில் இருப்பதும், ஓரத்தில் சிறு மடிப்புகளாகத் தெரிபவை உண்மையில் பெரிய மலைச் சரிவுகள் என்பதும் புத்தியில் படும்.

அந்தக் கருங்கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பனியாறு என்பது உறைந்து அசையாமல் கிடக்கும் பனி அன்று. தன் பாரத்தாலேயே, நாளொன்றுக்குச் சில அங்குலமோ சில அடியோ, ஓயாமல் கீழிறங்கி வரும் நதி அது. இருபுறத்து மலைகளிலிருந்தும் உதிரும் கற்கள் அதன் இரு கரைகளிலும் வரிசையாகச் சேர்கின்றன. இரண்டு பனியாறுகள் கூடும் இடத்தில், ஒன்றின் இடக்கரைக் கற்களும் மற்றதன் வலக்கரைக் கற்களும் ஒன்றாகி, கூடிய ஆற்றின் நடுவே ஒரே கருங்கோடாக ஓடத் தொடங்குகின்றன. தண்ணீர் கலப்பதுபோலப் பனி கலந்துவிடுவதில்லை. ஆகையால், மேலே எத்தனை கிளைகள் வந்து சேர்ந்தனவோ அதற்கேற்ற கோடுகள் கீழே பல மைல் தூரம் கலையாமல் வருகின்றன. தரையில் நின்று பார்ப்பவர் காண்பது வழியை மறிக்கும் ஒரு கற்குவியல். விமானத்திலிருந்து பார்ப்பவர் காண்பதோ, ஒரு பனியாற்றின் வம்சாவளி.

இந்தப் படத்தை எடுத்தவர் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன். 1910-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். 1939 முதல் 1980 வரை பாஸ்டன் நகரத்து விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையை நடத்தி வளர்த்தவர். 2007-இல் தம் 96-ஆம் வயதில் காலமானவர். அவரைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் காமிராவைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனவர் அல்லர். மலை ஏறப் போனவர், ஏறும் வழியைத் தேடிக் காமிராவைத் தூக்கியவர். 1930-இல், இருபது வயதில், அலாஸ்காவின் ஃபேர்வெதர் சிகரத்தை அடைய முயன்று தோற்றுத் திரும்பினார். அந்தப் பிரதேசத்துக்கு அப்போது நம்பத்தக்க வரைபடம் இல்லை. எந்தப் பள்ளத்தாக்கு எங்கே போய் முடியும், எந்த முகடு எந்தச் சிகரத்தோடு சேரும் என்பவற்றை நடந்து போய் முட்டித்தான் அறிய வேண்டியிருந்தது. ஒரு முழுக் கோடையை விழுங்கிவிடும் அந்தத் தேடலை விமானத்தில் ஒரு மணி நேரம் பறந்தால் முடித்துவிடலாம் என்ற எண்ணமே அவருடைய கலைக்கு வித்து. அவருடைய படங்களின் அழகைப் புகழாதவர் இல்லை; ஆனால் அந்த அழகு, கீழே நடக்கப் போகிறவனுடைய கண்ணோடு மேலிருந்து பார்த்ததனால் வந்த அழகு என்பதே என் துணிபு.

ஆகாயத்திலிருந்து படமெடுக்கும் ஆசை விமானத்துக்கு முந்தியது. பாரிஸ் நகரத்து நாடார் என்ற புகைப்படக் கலைஞர், 1858-இல், கயிற்றால் கட்டிய ஆகாயக் கூண்டில் ஏறிப் படமெடுக்க முயன்றபோது, கூண்டுக்கு மேலிருந்த பலூனிலிருந்து கசிந்த வாயு அவருடைய ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுகளை மறுபடி மறுபடி கெடுத்தது. வாயுக் குழாயின் வாயை அடைத்த பிறகே படம் விழுந்தது. அந்தப் படம் இன்று இல்லை. 1860-இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பவர் பாஸ்டன் நகருக்கு மேலே பலூனிலிருந்து எடுத்ததே, நமக்குக் கிட்டியவற்றுள் மிகப் பழைய ஆகாயப் படம். பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. எதிரியின் பதுங்குகுழிகளைப் பார்ப்பதற்காக விமானக் காமிராக்கள் பெருகின. யுத்தத்தின் கருவிகள் சமாதான காலத்தில் மலைகளின் பக்கம் திரும்பியது நல்ல காரியந்தான்.

வாஷ்பர்ன் கையாண்ட ஃபேர்சைல்ட் காமிரா ஏறத்தாழ 50 பவுண்டு, அதாவது ஓர் அரிசி மூட்டையின் பாதிக்குச் சற்றே குறைவான எடை கொண்டது. விமானத்தின் கதவைக் கழற்றி எடுத்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி அதன் மறுமுனையை விமானத்தின் உட்புறத்தில் பிணைத்துக்கொண்டு, திறந்த வாயிலின் ஓரத்தில் அவர் உட்காருவார். 1936-இல் நேஷனல் ஜியாக்ரபிக் சங்கத்தின் ஆதரவில், அக்காலத்தில் மெக்கின்லி என்றும் அலாஸ்காப் பூர்வகுடிகளின் மொழியில் தெனாலி என்றும் வழங்கிய 20,310 அடிச் சிகரத்தைச் சுற்றி இவ்வாறே பறந்தார். பிராணவாயுக் குழாயை வாயில் வைத்து, கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போக, படச்சுருள் குளிரில் அப்பளம்போல் முறுகி ஒடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, கீழே வரும் முகட்டைக் குறி வைக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்து கிடைக்கும் கணம் ஒன்றிரண்டுதான். விமானம் அதைக் கடந்துவிட்டால், மறுபடி ஒரு பெரிய வட்டம் போட்டு வர வேண்டும்.

அத்தனை கனமான காமிரா எதற்கு என்று கேட்கத் தோன்றும். பெரிய படச்சுருளில்தான் நுட்பம் பதியும் என்பது ஒரு விடை. கனமே ஓர் அனுகூலம் என்பது மற்றொன்று. விமானத்தின் வேகத்தால் படம் கலங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அவ்வளவாக உண்மையன்று. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், ஷட்டர் திறந்து மூடும் ஒரு வினாடியின் 250-இல் ஒரு பங்கு நேரத்தில், 18 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் மலைக்கு அது ஒரு பொருட்டே அன்று. படத்தைக் கெடுப்பது எஞ்சினின் நடுக்கம். அந்த நடுக்கம் இலேசான காமிராவை உலுக்கிவிடும். கனத்த காமிரா அதை ஜீரணித்துக்கொள்ளும். ஆகவேதான், இன்று சின்னஞ்சிறு காமிராவோடு விமானத்தில் ஏறுகிறவர்களுக்கும் அநுபவஸ்தர்கள் சொல்லும் முதல் உபதேசம், முழங்கையை ஜன்னல் விளிம்பிலோ விமானத்தின் சட்டத்திலோ ஊன்றாதே என்பது. உடம்பின் சதைதான் அங்கே மெத்தை. இறக்கை பார்வையை மறைக்காதபடி, உடலுக்கு மேலே இறக்கை அமைந்த சிறு விமானத்தைத் தேர்வதும், கண்ணாடி வழியாக எடுக்காமல் ஜன்னலைத் திறந்து எடுப்பதும் அவர்கள் கைவிடாத மற்ற இரண்டு நியமங்கள்.

ஆனால் கருவியைவிடப் பெரிய விஷயம் வெளிச்சம். நண்பகல் சூரியன் உச்சியில் நிற்கையில் மலையைப் படமெடுத்தால், வெள்ளையடித்த சுவரைப் படமெடுத்தது போலத்தான் இருக்கும். மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். காலையிலும் மாலையிலும் கதிர்கள் சாய்ந்து விழும்போது, ஒவ்வொரு முகடும் தன் நிழலைப் பக்கத்துப் பள்ளத்தில் எறிகிறது. பனியின் மேல் காற்று வரைந்த மெல்லிய அலைகள்கூட நிழலோடு எழுந்து நிற்கின்றன. அலாஸ்காவின் கோடையில் சூரியன் மறைய மனமின்றி அடிவானத்தை ஒட்டியே நெடுநேரம் உருண்டு போவதால், இந்தச் சாய்ந்த வெளிச்சம் அங்கே மணிக்கணக்காகக் கிடைக்கிறது. தூரத்து மலைகளை மூடும் நீலப் புகை போன்ற மங்கலை என்ன செய்வது? காற்றிலுள்ள மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலப் பகுதியையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறலே நமக்கு மங்கலாகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படமெடுக்கிறவர் லென்ஸுக்கு முன்னே மஞ்சளோ சிவப்போ ஆன கண்ணாடியைப் பொருத்தினால், நீலம் தடைபட்டுப் போய், தொலைவிலுள்ள சிகரமும் துலக்கமாகத் தெரிகிறது. வானமும் கறுத்து, வெண்பனி அதன்மேல் பளிச்சென்று நிற்கிறது.

மலைக் காற்று மன்னிக்காத காற்று. முகட்டின் மேல் ஏறிவரும் காற்று மறுபக்கத்தில் அருவிபோல் கீழே விழுகிறது. அந்த வீழ்ச்சியில் அகப்பட்ட சிறு விமானம், எஞ்சின் முழுப் பலத்தோடு இழுத்தாலும் கீழேயே போகும். உயரம் கூடக்கூட எஞ்சினின் பலமும் குன்றுகிறது. ஏறத்தாழ 18,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். ஆகையால் மலை விமானிகள் எந்த முகட்டையும் நேர்க்கோணத்தில் கடப்பதில்லை; பாதிக்கோணமாகச் சாய்ந்து அணுகுவார்கள். காற்று கீழே தள்ளினால், சிறிய திருப்பத்திலேயே தாழ்ந்த நிலத்தை நோக்கி விலகிவிட அது வழி வைக்கிறது. படம் எடுக்கிறவர் ஒரு கண்ணைக் காமிராவில் பதித்து மற்றதை மூடிக்கொண்டிருக்கையில், அவருக்காகவும் சேர்த்து இரண்டு கண்களையும் திறந்து வைத்திருப்பவர் விமானிதான். புகழ் படமெடுத்தவருக்கே போகிறது. நியாயமாகப் பாதி விமானிக்குச் சேர வேண்டியது.

நம் தேசத்து மண்ணிலிருந்து கிளம்பிய ஒரு பிரயாணத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1933 ஏப்ரல் 3-ஆம் தேதி, பீகாரிலுள்ள பூர்ணியாவுக்கு அருகிலிருந்து, இரட்டை அடுக்கு இறக்கை கொண்ட இரண்டு விமானங்கள் எவரெஸ்ட்டின் மேலாகப் பறந்தன. ஹூஸ்டன் சீமாட்டி பணம் கொடுத்தார். கிளைட்ஸ்டேல் பிரபுவும் மக்கின்டையரும் விமானத்தைச் செலுத்தினார்கள். சலனப்படம் எடுக்கப் போன பானெட் என்பவருடைய பிராணவாயுக் குழாய் நடுவழியில் விரிசல் விட்டது. கைக்குட்டையால் அதைச் சுற்றிக் கட்டிய அவர் மூர்ச்சையாகி விழுந்து, விமானம் கீழே இறங்கியபின் தெளிந்தார். சமவெளியிலிருந்து எழும்பிய புழுதி மண்டலம் மிக உயரம்வரை படர்ந்திருந்ததால், அளவைக்கு வேண்டிய படங்கள் அன்று சரியாக விழவில்லை. 19-ஆம் தேதி மறுபடி பறந்தே அவற்றை எடுத்தார்கள். இது ஒரு சாகசமாக மட்டும் முடிந்திருந்தால் இங்கே சொல்ல வேண்டியதில்லை. 1951-இல், எவரெஸ்ட்டுக்கு நேபாளப் பக்கத்திலிருந்து வழி உண்டா என்று தேடிய மைக்கேல் வார்டு என்ற இளம் வைத்தியர், லண்டன் பூகோள சங்கத்தின் பெட்டிகளுக்குள் கவனிப்பாரற்றுக் கிடந்த விமானப் படங்களைப் புரட்டினார். அவற்றுள் ஹூஸ்டன் பயணத்துப் படங்களும் இருந்தன. அந்தப் படங்களில் அவர் கண்ட வழிதான், எரிக் ஷிப்டன் தலைமையில் அவ்வாண்டு நடந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. 1953-இல் டென்சிங்கும் ஹில்லரியும் ஏறிய பாதையும் அதுவே.

அதே 1951-ஆம் ஆண்டில்தான் வாஷ்பர்னுடைய படங்களும் தம் பயனைக் காட்டின. தெனாலி சிகரத்துக்கு வடக்கிலிருந்தே ஏறுவது அதுவரை வழக்கம். மேற்குப் பக்கத்து முகடு எளிதாகவும் அபாயம் குறைந்ததாகவும் இருக்கும் என்று தம் படங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து அவர் எழுதியிருந்தார். ஒருவரும் அந்தப் பக்கமாக ஏறிப் பார்த்ததில்லை. அலாஸ்கா சர்வகலாசாலையின் தலைவராக இருந்த டெரிஸ் மூர், தாமே ஓட்டிய சிறு விமானத்தில், அவரைக் கஹில்ட்னா பனியாற்றின்மேல் இறக்கினார். ஜூலை 10-ஆம் தேதி வாஷ்பர்ன் மேற்கு முகட்டின் வழியாகச் சிகரத்தை அடைந்தார். காகிதத்தில் கண்ட பாதை காலுக்கடியில் அப்படியே இருந்தது. இன்று தெனாலிக்கு ஏறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வழியில்தான் ஏறுகிறார்கள். வாஷ்பர்னின் மனைவி பார்பரா, 1947-இலேயே அச்சிகரத்தை அடைந்து, அங்கே கால் வைத்த முதற் பெண்மணியானார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இத்தகைய படங்கள் இரண்டு வகை. சாய்ந்து பார்த்து எடுப்பது ஒன்று. அது மலையின் முகத்தைக் காட்டும். நேர் கீழே நோக்கி எடுப்பது மற்றொன்று. அது வரைபடத்துக்கு உதவும். ஒரு படத்தின் பாதிக்கும் மேலான பரப்பு அடுத்த படத்திலும் வரும்படி வரிசையாக எடுத்துக்கொண்டு போனால், அடுத்தடுத்த இரண்டு படங்களும் நம் இரு கண்கள்போல் ஆகி, உயரத்தையும் தாழ்வையும் அளந்து சொல்லிவிடும். தெனாலியின் வரைபடம் இவ்வாறு ஸ்விட்சர்லாந்து நிபுணர்களின் கைவண்ணத்தோடு 1960-இல் வெளியாயிற்று. எவரெஸ்ட்டுக்கு, 1984 டிசம்பரில் ஜெட் விமானம் ஒன்றை அனுப்பிப் படங்கள் எடுக்க வாஷ்பர்ன் ஏற்பாடு செய்தபோது அவருக்கு வயது 74. நேபாளம், சீனா இரண்டின் அநுமதியையும் பெற்றுச் செய்த அந்த வேலை, 1988-இல் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகையோடு வரைபடமாக உலகெங்கும் போயிற்று.

மலைக்குச் சொன்ன நியாயம் கடற்கரைக்கு அப்படியே பொருந்தாது. கரையோரத்து ஆழமற்ற நீருக்கடியில் உள்ள மணல் திட்டையும் பாசிப் படுகையையும் காட்ட வேண்டுமானால், சூரியன் ஓரளவு மேலே ஏறியிருக்க வேண்டும். கதிர் சாய்ந்து விழுந்தால் அது நீருக்குள் புகாமல் மேற்பரப்பிலேயே தெறித்துப் போகும். சூரியனின் பிம்பம் நேரே கண்ணில் அடிக்கும் திசையையும் தவிர்க்க வேண்டும். காற்று கிளம்பி நீரைக் கலைப்பதற்கு முன்னான முற்பகலே அதற்கு உத்தமமான வேளை. மலையும் கடலும் ஒரே படத்தில் வரவேண்டுமென்று ஆசைப்படுகிறவர், இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே ஒரு நாழிகையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

அப்படி அலைவதற்குத் தென்கிழக்கு அலாஸ்காவைவிடச் சிறந்த இடம் இல்லை. 15,325 அடி உயர ஃபேர்வெதர் சிகரம் அங்கே கடலை ஒட்டியே எழுந்து நிற்கிறது. அதற்கு வடமேற்கே மலாஸ்பினா பனியாறு, மலையிடுக்கிலிருந்து வெளிப்பட்டுச் சமநிலத்தில் பெருந்தட்டாகப் பரவி, தன் கருங்கோடுகளைக் கோலத்துச் சிக்குபோல் மடித்து மடித்துக் காட்டுகிறது. ஃபேர்வெதருக்குத் தெற்கே இருப்பது லிட்டூயா விரிகுடா. குறுகிய வாயும், மலைக்குள் புகுந்து இரு கைகளாகப் பிரியும் தலையும் கொண்டது. 1786-இல் பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ் அதன் வாயில் நீர்ச்சுழலில் 21 பேரைப் பறிகொடுத்தார். 1950-களின் தொடக்கத்தில் அங்கே வந்த டான் மில்லர் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஒரு விசித்திரத்தைக் கண்டார்: கரைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு கோடு, அதற்கு மேல் முதிர்ந்த கரும்பச்சைக் காடு, கீழே இளங்காடு. மரங்களின் வளையங்களை எண்ணி, முன்னொரு காலத்தில் பேரலை ஏதோ காட்டைச் சிரைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். 1958 ஜூலை 9-ஆம் தேதி பூகம்பத்தில், தலைப்பக்கத்து மலையிலிருந்து பெரும்பாறைச் சரிவு நீரில் விழ, எழுந்த நீர் எதிர்ச்சரிவில் 1,720 அடி உயரம்வரை ஏறி, மரங்களை வேரோடு துடைத்து, பாறையை நிர்வாணமாக்கியது. மறுநாளே மில்லர் சிறு விமானத்தில் அதன்மேல் பறந்தார். நீரில் மரக்கட்டைகள் மிதக்க, விரிகுடாவைச் சுற்றி வெள்ளை நாடாபோல் ஓடிய அந்த வெற்றுப் பாறையின் படங்களைப் பார்க்கிறபோது எனக்கு இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. அலையின் உயரத்தை அறிவிக்க அங்கே வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வாஷ்பர்னின் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. 1937-இல் அவரையும் அவருடைய மலையேறும் நண்பர் பாப் பேட்ஸையும், லுகேனியா சிகரம் ஏறுவதற்காக, பாப் ரீவ் என்ற விமானி கனடாவின் யூக்கான் பிரதேசத்திலுள்ள வால்ஷ் பனியாற்றில் இறக்கினார். கோடையில் பனி குழைந்து சேறாகி விமானத்தையே பிடித்துக்கொண்டது. நாட்கணக்கில் போராடித் தப்பிய ரீவ், மீண்டும் அங்கே இறங்க முடியாது என்று சொல்லிப் பறந்து போனார். நண்பர்கள் இருவரும் லுகேனியாவில் ஏறி இறங்கி, நூறு மைலுக்கு மேல் நடந்தே மனித வாசத்தை அடைந்தார்கள். சுமை குறைய வேண்டுமென்பதால், கூடாரங்களோடும் கருவிகளோடும் ஃபேர்சைல்ட் விமானக் காமிராவையும் சலனப்படக் காமிராக்களையும் பனியிலேயே விட்டுவிட்டார்கள்.

85 ஆண்டுகள் கழித்து, 2022-இல், ஒரு குழு அவற்றைத் தேடிப் போயிற்று. பனியாறு அவற்றை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் என்பது எவருக்கும் தெரியவில்லை. முதல் தேடலில் வெறுங்கையோடு திரும்பினார்கள். வால்ஷ் பனியாறு இடையிடையே திடீரென்று வேகமெடுத்துப் பாய்வது. அந்தப் பாய்ச்சல்களின் தடம் அதன் கருங்கோடுகளின் கோணலில் பதிந்திருந்தது. ஒட்டாவா சர்வகலாசாலையைச் சேர்ந்த பனியாற்று ஆராய்ச்சியாளர் ஒருவர், அந்தக் கோணல்களைக் கொண்டு கணக்கிட்டு, இங்கே தேடுங்கள் என்று ஓரிடத்தைச் சுட்டினார். விட்ட இடத்திலிருந்து பன்னிரண்டு மைலுக்கும் அதிகத் தூரம் கீழே, உருகும் பனியின் மேல் சிதறிக் கிடந்த கூடாரத் துணிக்கும் பனிக்கோலுக்கும் நடுவில், வாஷ்பர்னின் காமிராக்கள் இருந்தன. சலனப்படக் காமிராக்கள் இரண்டிலும் 1937-இல் இட்ட படச்சுருள் அப்படியே இருந்தது.